பச்சைதானே எரியுது

வாங்க தம்பி, வாங்க. நேத்து போன் பண்ணது நீங்கதானே? மூணாவது தெரு, மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு. உக்காருங்க. உள்ள வேணாம், இங்கயே வாசல்ல நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். விளக்கு வெளியதானே இருக்கு, இப்படி இருட்டுற நேரத்துல வெளிய உக்காந்து பார்த்தாத்தான் அதோட அருமை தெரியும். அதோ, காம்பவுண்டு சுவத்தோரம் குழாய் நட்டு மாட்டியிருக்கேன் பாருங்க. மேல பச்சை, நடுவுல மஞ்சள், கீழ சிவப்பு. ரோட்டு சிக்னல்ல சிவப்பு மேல இருக்கும். இது ரயில்வே முறை. சிவப்பு டிரைவரோட கண்ணுக்கு நேரா வரணும், அதனால கீழ.

என்ன சத்தம்னு பாக்குறீங்களா? ஒண்ணுமில்ல. என் வீட்டுக்காரிதான். கட்டில் கம்பியில டம்ளரால தட்டுவா. நானும் முதல்ல எழுந்து எழுந்து ஓடினேன். போய்ப் பார்த்தா சும்மா என் மூஞ்சியைப் பார்த்துட்டு இருப்பா. இப்ப போறதில்ல. ஏதாச்சும்னா விளக்கு சொல்லிடும். பச்சை எரியுது பாருங்க. நீங்க பாட்டுக்கு உக்காருங்க.

உங்க விஷயம் போன்லயே புரிஞ்சுது. உங்களை புனேவுக்கு மாத்திட்டாங்க, அம்மா வர மாட்டேங்கிறாங்க, தனியா இருக்கப்போறாங்க. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. நான் ரயில்வேல சிக்னல் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். வைத்தியலிங்கம்னு சொன்னா பொன்மலையில பாதிப் பேருக்குத் தெரியாது, சிக்னல்காரர்னு சொன்னா ஆட்டோக்காரன் நேரா இங்க கொண்டாந்து விட்டுடுவான். என் செக்ஷன்ல ஒரு விபத்து கிடையாது தம்பி. மழை, வெயில், தீபாவளி, எதுவும் பாத்ததில்ல. என் வீட்டுக்காரி வேதவல்லியைக் கட்டிக்கிட்ட புதுசுல சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு, தண்டவாளம் பிரியற பாயிண்ட் பழுதுன்னு ஓடிட்டேன். அவ புடவை கட்டி, பூ வெச்சு, வாசல்லயே நின்னிருக்கா. அதை இன்னிக்கு வரைக்கும், அதாவது பேச்சு போற வரைக்கும், சொல்லிக் காட்டினா.

மகன் தோஹாவுல இருக்கான், இளங்கோ. போன தடவை லீவுல வந்தப்ப ஒரு பெட்டி நிறைய சாமான் கொண்டாந்தான். ஸ்மார்ட் ஹோம். கதவு திறந்திருக்கா மூடியிருக்கா, கேஸ் கசியுதா, மோட்டர் ஓடுதா, எல்லாத்துக்கும் தனித்தனி சென்சார். எல்லாம் போன்ல தெரியும். அவன் மாட்டிட்டு, அப்பா இனிமே கவலையில்லன்னுட்டுப் போயிட்டான். நல்ல பையன். ஆனா அவனுக்கு சிக்னல்னா என்னன்னு தெரியல. போன்ல தெரிஞ்சா என்ன பிரயோஜனம்? போனை எடுத்து, கண்ணாடியைத் தேடி, அந்த ஆப்பைத் திறந்து பாக்குறதுக்குள்ள வண்டியே கடந்து போயிடும். சிக்னல்னா வெளிய நிக்கணும். தூரத்துல வர்றவனுக்கு, அவன் கேக்காமயே, நிலவரம் சொல்லணும். நான் வாக்கிங் போயிட்டுத் தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரியணும், என் வீடு நல்லா இருக்கா இல்லையான்னு.

நானே செஞ்சேன். யாரையும் கூப்பிடல. மழை பட்டாலும் கெடாத, கரண்டு போனா கொஞ்ச நேரம் பாட்டரியில எரியற விளக்கா வாங்கி, அந்த சென்சாரோட எல்லாம் இணைச்சு, குழாய்க்குப் பெயிண்ட் அடிச்சு நிறுத்தினேன். பச்சைன்னா எல்லாம் சரி. மஞ்சள்னா மோட்டர் ஓடுது, பாத்துக்கோ. சிவப்புன்னா கேஸ் கசியுது, இல்ல கதவு ரொம்ப நேரமா திறந்து கிடக்கு, இல்ல கரண்டு போச்சு. முதல் நாள் சாயங்காலம் பச்சை எரிஞ்சப்ப, இந்த இடத்துலதான் நின்னேன். என் மனசுல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அப்படி ஒண்ணு வந்ததே இல்ல. வேதாவைக் கூப்பிட்டுக் காமிச்சேன். பார்த்தா. "நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள இருக்கிற எனக்கு இது தெரியவே தெரியாதேங்க"ன்னா. உனக்கெதுக்கும்மா தெரியணும், நீதான் உள்ளயே இருக்கியேன்னேன். சிரிச்சா. அப்பல்லாம் நல்லா சிரிப்பா.

எதிர்வீடு பாருங்க, அந்த நீல கேட். அதுல பிலோமினான்னு ஒருத்தங்க இருக்காங்க. ஒண்டிக்கட்டை. புருஷன் லோகோ டிரைவரா இருந்து செத்துப்போனார். அவங்களும் வேதாவும் ரொம்ப நெருக்கம். ஒருத்தி வாசல்ல நிப்பா, இன்னொருத்தி கேட்ல நிப்பா, நடுவுல தெருவுல மாடு போகும், ஆட்டோ போகும், இவங்க பேச்சு நிக்காது. இங்கதான் சிக்கல் வந்துச்சு. வாசல்ல நின்னா கதவு திறந்திருக்குமா இல்லையா? திறந்திருந்தா சிவப்பு விழும். தெருவுல போறவங்க, "என்ன மாமி, உங்க வீடு செவந்துருச்சு"ன்னு கேலி பண்ண ஆரம்பிச்சாங்க. பால்காரன் விடியக்காலையில பாலைக் கையில வெச்சுக்கிட்டே, "சார் வீட்ல ஏதாச்சும் ஆயிருச்சா"ன்னு கேக்கிறான். என்னன்னு பாத்தா, இவ கதவைத் திறந்து போட்டுட்டுக் கோலம் போட்டுக்கிட்டு இருக்கா. தினமும் விடிஞ்சா என் வீட்ல சிவப்பு. நான் வேலை பாத்த காலத்துல ஒரு சிவப்புக்கு விளக்கம் எழுதியே கை வலிச்சவன். எனக்கு எப்படி இருக்கும்?

சொல்லிட்டேன். கோலம் வேணாம், கடையில ஸ்டிக்கர் கோலம் விக்குது, ஒண்ணு வாங்கி ஒட்டிடலாம்னு. ஒட்டவும் ஒட்டினேன். நல்ல தாமரைப்பூக் கோலம், அழியாது, மழைக்கும் போகாது. அதோ உங்க செருப்புக்குப் பக்கத்துல இருக்கே, அதுதான். ஒரு ஓரம்தான் லேசா உரிஞ்சிருக்கு.

இதுக்கு அந்த பிலோமினா சண்டைக்கு வந்துட்டாங்க. அவங்க சர்ச்சுக்குப் போறவங்க, கோலத்துக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்? "அண்ணே, காலையில ஜன்னலைத் திறந்ததும் நான் முதல்ல பாக்குறது வேதா கோலத்தைத்தான். கோலம் இருந்தா அவ எழுந்துட்டா, நல்லா இருக்கான்னு அர்த்தம். இல்லாட்டி நான் வந்து கதவைத் தட்டுவேன். போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தப்ப அப்படித்தானே தெரிஞ்சுது? இப்ப நான் எதை வெச்சுத் தெரிஞ்சுக்கிறது?"ன்னு கேக்குறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதுக்குத்தாம்மா விளக்கு வெச்சிருக்கேன், இனிமே பச்சையைப் பாருங்கன்னேன். மூஞ்சியை வெட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

வேதா எதுக்கும் எதிர்த்துப் பேசுற ஆள் இல்ல. கொஞ்ச நாள் ஜன்னல் வழியா கைஜாடையில பேசிக்கிட்டாங்க. அப்புறம் அதுவும் குறைஞ்சு போச்சு. வாசலுக்கே வர்றதில்ல. சிவப்பு விழுந்துருமேன்னு பயந்துக்கிட்டுக் கதவை ஒருக்களிச்சு, பால் பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கிட்டு, டக்னு சாத்திடுவா. எனக்குப் பெருமையா இருந்துச்சு தம்பி. ரயில்வேல எனக்குக் கீழ வேலை பாத்த கலாசிங்களுக்கு வருஷக்கணக்கா சொல்லியும் வராத ஒழுங்கு, இவளுக்குச் சொன்னவுடனே வந்துருச்சு.

கொஞ்சம் இருங்க. ம். இல்ல, ஒண்ணுமில்ல. இன்னிக்குக் கொஞ்சம் வேகமா தட்டுறா. அவளைப் பாத்துக்க வர்ற ஆயா மத்தியானமே போயிடுவா, அவ போனா இவளுக்குப் பொழுது போகாது.

எங்க விட்டேன்? ஆங், கரண்டு. நம்ம ஏரியாவுல கரண்டு எப்படிப் போகும்னு உங்களுக்குச் சொல்ல வேணாம். போற ஒவ்வொரு தடவையும் சிவப்பு. ஒரு நாள் இளங்கோவுக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு ஒரு குடும்பம் வீட்டைப் பாக்க வந்திருந்தாங்க. சொந்தக்காரங்க மாதிரி பேசிக்கிட்டு இருக்கோம், கரண்டு போச்சு, சிவப்பு விழுந்துருச்சு. தெருவே திரண்டு வந்து கேட்ல நிக்குது. ஒருத்தர் கேஸான்னு கேக்குறார், ஒருத்தர் தண்ணி வாளியோட நிக்கிறார். அந்தப் பொண்ணோட அப்பா எழுந்தே போயிட்டார். எனக்கு மானம் போச்சு தம்பி.

அன்னிக்குத்தான் முறையை மாத்தினேன். இது நுட்பமான விஷயம், கவனமா கேளுங்க. ரயில்வேல கம்பி அறுந்தாலும் சரி, பல்பு ஃப்யூஸ் ஆனாலும் சரி, எதுவுமே தெரியலைன்னாலும் சரி, அதை ஆபத்துன்னுதான் எடுத்துக்கணும். விளக்கே எரியலையா, வண்டியை நிறுத்து. அதுதான் சட்டம். முப்பத்தஞ்சு வருஷம் நான் அதைத்தான் எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். ஆனா வீட்டுக்கு அது சரிப்படாது. வீடுன்னா கௌரவம் இருக்கு, அக்கம்பக்கம் இருக்கு. அதனால திருப்பிப் போட்டேன். கெட்ட சேதி நிச்சயமா வந்தாத்தான் சிவப்பு. சேதியே வரலைன்னா பச்சை. வெளிவிளக்குக்குப் பெரிய பாட்டரியா மாத்தி, வாசக்கதவு சென்சாருக்கும் தனியா ஒண்ணு போட்டேன். தெருவுக்குத் தெரியறது அதுதானே. அதுக்கப்புறம் பச்சை நின்னு எரிஞ்சுது. ஒருத்தனும் கேட்டுக்கு வரல.

எங்க ரிட்டயர்டு ஆளுங்க சங்கத்துல ஒருத்தர் மகளுக்குப் பாலக்காட்டுல கல்யாணம். வேதா முழங்கால் வலின்னு வரல. வீட்டையும் யாராச்சும் பாத்துக்கணும் இல்லையா? நான் மட்டும் போனேன். காலையில முகூர்த்தம் முடிஞ்சு அவளுக்கு போன் பண்ணேன், எடுக்கல. ஆப்பைத் திறந்தேன், பச்சை. கதவு மூடியிருக்கு, கேஸ் சரியா இருக்கு. குளிக்கிறாளா இருக்கும்னு விட்டுட்டேன். சாப்பிட்டுட்டுத் திரும்பப் பண்ணேன், எடுக்கல. பச்சை. பக்கத்துல இருந்த சங்கத்து ஆளு பாண்டுரங்கம் கேட்டார், "யாரையாச்சும் போய்ப் பாக்கச் சொல்லேன்யா"ன்னு. என் போனை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். இதுக்கு மேல என்ன பாக்கணும்னேன். எல்லாரும் மலம்புழா அணை பாக்கப் போறாங்கன்னதும் நானும் போனேன். அங்க தங்கிட்டு மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினேன்.

தெருமுனையிலயே பார்த்தேன் தம்பி. பச்சை. நேந்திரங்கா சிப்ஸ் அவளுக்கு உயிர், ரெண்டு பாக்கெட் வாங்கிக்கிட்டு வந்தேன். அந்தப் பச்சையைப் பார்த்துக்கிட்டே, மெதுவா, சந்தோஷமா நடந்து வந்தேன்.

சமையல்கட்டு வாசல்ல கிடந்தா. அடுப்பே பத்த வெக்கல, அதனாலதான் கேஸ் சரியா இருந்திருக்கு. வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருந்துச்சு. இடது கையில டம்ளர். தரையெல்லாம் அந்த டம்ளரோட விளிம்பு பட்ட தழும்பு. இப்பவும் இருக்கு, தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. டாக்டர் என்கிட்ட, எப்ப விழுந்தாங்கன்னு கேக்குறார். எப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ விழுந்ததுக்கு சென்சார் இல்லையே. சீக்கிரம் கொண்டாந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதுன்னார். நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். அதை ஒத்துக்கிறதுல எனக்கு வெக்கமில்ல. அவ இல்லாம எனக்கு ஒரு வாய் காபி கூட இறங்காது.

ஆனா என் வயித்தெரிச்சல் எது தெரியுமா? அந்த பிலோமினா. அவங்களுக்குச் சத்தம் கேட்டிருக்கு. தட்டுற சத்தம். முந்தின நாளும் கேட்டிருக்கு, மறுநாளும் கேட்டிருக்கு. நம்ம வீட்டு கேட் வரைக்கும் வந்திருக்காங்க. வந்து? விளக்கைப் பார்த்திருக்காங்க. "பச்சை எரிஞ்சுது அண்ணே, நீங்க உள்ள ஏதோ ரிப்பேர் பண்றீங்கன்னு நெனச்சேன், நீங்கதானே பச்சையைப் பாருன்னு சொன்னீங்க"ன்னு மாரில அடிச்சுக்கிட்டு அழறாங்க. எப்படி இருக்கு பாருங்க! என் விளக்கை ஒரு நாளும் மதிக்காத மனுஷி, அந்த ரெண்டு நாள் மட்டும் நம்பியிருக்காங்க. காது கேக்குதில்ல? கதவைத் தட்டினா கை தேஞ்சா போயிடும்? நான் அவங்களோட பேசுறதில்ல. தெருவெல்லாம் என் விளக்கைத்தான் குறை சொல்லிக்கிட்டுத் திரியறாங்களாம். விளக்கு பொய் சொல்லல தம்பி. கதவு மூடியிருந்துச்சு, கேஸ் கசியல, மோட்டர் ஓடல. அதுல எது பொய்?

சரி, நடந்தது நடந்துபோச்சு. பாடம் கத்துக்கணும். கத்துக்கிட்டேன். இப்ப அவ கட்டில்லயே ஒரு பட்டன் வெச்சிருக்கேன். அமுக்கினா அடுத்த நொடி வெளிய சிவப்பு. நான் இங்க உக்காந்திருந்தாலும் தெரியும், தெருமுனையில இருந்தாலும் தெரியும். உங்க அம்மாவுக்கும் அதே வெச்சுத் தரேன். எந்தப் பக்கமா? வலது பக்கம். ஆமா, அவளுக்கு வலது கைதான் வரல. அதனாலதான் அந்தப் பக்கம் வெச்சேன். கையைப் பழக்கணும்னு டாக்டரே சொல்லியிருக்கார். இடது பக்கம் வெச்சா சோம்பேறித்தனமா அந்தக் கையிலயே அமுக்கிட்டுப் போயிடுவா, அப்புறம் வலது கை எப்ப வரும்? அவசரம்னு ஒண்ணு வந்தா கை தானா வரும்னு நான் நம்புறேன். இது வரைக்கும் ஒரு தடவை கூட சிவப்பு விழல. ஒரு தடவை கூட. அப்ப பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கான்னு.

பிலோமினா ஒரு பித்தளை மணி கொடுத்துவிட்டாங்க, ஆயாகிட்ட. அவ கையில குடுங்க, ஆட்டினா எனக்குக் கேக்கும், நான் ஓடி வரேன்னு. திருப்பி அனுப்பிட்டேன். என்ன, கோயிலா நடத்துறோம்? டம்ளரைப் பிடுங்கினேன், அழறா, அதனால அதை மட்டும் விட்டு வெச்சிருக்கேன்.

உங்க அம்மா கோலம் போடுவாங்களா? போடுவாங்கன்னா இப்பவே நிறுத்தச் சொல்லிடுங்க, அப்புறம் கதவு சென்சாரோட தொல்லை. அக்கம்பக்கத்துலயும் சொல்லிடுங்க, பச்சை எரிஞ்சா சும்மா சும்மா வந்து விசாரிக்க வேணாம்னு. அது முக்கியம். நீங்க புனேவுல ராத்திரி நிம்மதியா தூங்கலாம்.

அட, கரண்டு போச்சு. இதைத்தான் உங்களுக்குக் காட்டணும்னு நெனச்சேன். பாருங்க, பாருங்க. தெரு முழுக்க இருட்டு. பிலோமினா வீட்ல ஒரு மெழுகுவத்தி கூட இல்ல. நம்ம பச்சை மட்டும் எப்படி நிக்குது பாத்தீங்களா! உள்ள பட்டனுக்கு மட்டும் கரண்டு வந்தாத்தான் வேலை செய்யும், அதுக்கும் ஒரு பாட்டரி வாங்கணும். வாங்கிக்கலாம்.

சத்தமும் நின்னுருச்சு பாருங்க. இவ்வளவு நேரம் தட்டினவ. தூங்கிட்டா. நான் சொன்னேன்ல, ஒண்ணுமில்லன்னு.

ஏன் எழுந்துட்டீங்க? உக்காருங்க தம்பி. இருட்டுல எங்க போறீங்க, அங்க பூட்ஸ் ஸ்டாண்டு இருக்கு, இடிச்சுக்கப் போறீங்க. உள்ள எதுக்கு? பச்சைதானே எரியுது? தம்பி! நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்கு... சரி, போறதுதான் போறீங்க, அந்தக் கதவைச் சாத்திட்டுப் போங்க. திறந்து கிடந்தா சிவப்பு விழுந்துரும், தெருவே பாக்கும்.